எதன்மீது சதவீதம்?

(பெங்களூருவில் தமிழ்த் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நேரக் குறைவால் பேச்சில் விடுபட்ட சில விவரங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



டிஜிட்டல் ஏகபோகமும் சிறு உற்பத்தியாளரும் என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, பேசுபவன் சிறியவன். நான் பொருளாதாரம் பயின்றவன் அல்லன். தமிழில் முதுகலை படித்துவிட்டு, கட்சியின் தீர்மானங்களையும் கட்டுரைகளையும் மொழிபெயர்ப்பதிலேயே காலத்தைக் கழித்தவன். சொற்களோடுதான் எனக்குப் பழக்கம். ஆகவே ஒரே ஒரு சொல்லிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். ‘மொத்தம்’ என்பதே அந்தச் சொல்.

கன்டோன்மென்ட் பகுதியில், பென்சன் டவுனை ஒட்டி, பாட்டரி டவுன் என்ற இடம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தமிழ் பேசும் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சக்கரம் சுற்றி வருகின்றன. விநாயகர் சதுர்த்திக்குச் சிலை, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அகல், பொங்கலுக்குப் பானை என்று பண்டிகைகளைச் சார்ந்தே அவர்களது ஆண்டு நகர்கிறது. அக்குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த சகோதரி ஒருவர், நம் தோழர் ஒருவருக்கு உறவினர், 2025 பொங்கல் முடிந்த இரண்டாம் வாரம் ஒரு கட்டுக் காகிதங்களுடன் என்னைத் தேடி வந்தார். ஓர் இணையச் சந்தையில் அவர் மண்சட்டிகள் விற்கத் தொடங்கியிருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு நிறுவனத்தின் குற்றமன்று, ஒரு முறையின் இயல்பு.

“அண்ணா, பன்னிரண்டு சதவீதம் கமிஷன் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். என் கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. இதைத் தமிழில் படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

படித்தேன். மூன்று சட்டிகள் கொண்ட ஒரு தொகுப்பின் விலை 600 ரூபாய். வாங்கியவர் அனுப்புச் செலவாகக் கொடுத்தது 300 ரூபாய். மண்பாண்டம் கனமானது, விலையில் பாதி வண்டிக்கே போய்விடுகிறது. அவர் மனத்தில் போட்டிருந்த கணக்கு: 600 ரூபாயில் பன்னிரண்டு சதவீதம், அதாவது 72 ரூபாய். அறிக்கையில் இருந்ததோ 108 ரூபாய். ஒப்பந்தத்தில் ‘விற்பனை வருவாய் மொத்தத்தின்மீது’ என்று ஒரு தொடர் இருந்தது. அந்த மொத்தத்துக்குள் அனுப்புச் செலவான 300 ரூபாயும் அடக்கம்.

முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்; பொறுமையாகக் கேளுங்கள். வாங்கியவர் கொடுத்தது 900 ரூபாய். அதில் கமிஷன் 108. கமிஷன்மீது பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி 19 ரூபாய் 44 காசு. சரக்கைக் கொண்டுசேர்த்ததும் அதே நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவுதான். அதற்கு 300 ரூபாய், அதன்மீது ஜிஎஸ்டி 54. ஆக, சகோதரியின் வங்கிக் கணக்குக்கு வந்தது 418 ரூபாய் 56 காசு. மண், விறகு, சூளைச் செலவில் இந்தத் தொகுப்பின் பங்கு 190. அட்டைப்பெட்டி, வைக்கோல், குமிழித்தாள் 120. மிஞ்சியது 108 ரூபாய் 56 காசு. மண் மிதித்து, வனைந்து, காயவைத்து, சுட்டு, பொதிந்து கட்டிய உழைப்புக்கு இவருக்குக் கிடைத்ததும் 108 ரூபாய்; திரையில் ஒரு படம் காட்டிய நிறுவனத்தின் கமிஷனும் 108 ரூபாய். 56 காசு மட்டும் இவருக்கு அதிகம்.

அனுப்புச் செலவின்மீது விழுந்த கமிஷன் 36 ரூபாய், அதற்குரிய ஜிஎஸ்டி 6 ரூபாய் 48 காசு. இந்த 42 ரூபாய் 48 காசு எந்தப் பொருளுக்காக எடுக்கப்பட்டது? அந்த 300 ரூபாய் இவர் கையில் ஒரு கணமும் தங்கவில்லை. வாங்கியவரிடமிருந்து நிறுவனம் வாங்கியது. போக்குவரத்துக்கென்று நிறுவனமே எடுத்துக்கொண்டது. தன் இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போன பணத்துக்கு, நடுவில் நின்ற குயத்தியிடம் தரகு வசூலித்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மண்பானைக்கும் அகல் விளக்குக்கும் ஜிஎஸ்டி கிடையாது. இது நல்ல செய்திபோலத் தோன்றும். ஆனால் தான் விற்கும் பொருளுக்கு வரி இல்லாதவர், தான் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. பெரிய வியாபாரிக்குக் கமிஷன்மீதான பதினெட்டு சதவீதம் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும். குயவருக்கு அது போனது போனதுதான். அச்சிட்ட புத்தகத்துக்கும் இதே நிலை. நம் பதிப்பகத் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டு சதவீதம் என்றால் என்ன என்று இப்போது கேட்டுப் பாருங்கள். 600 ரூபாய் சட்டிக்கு 108 ரூபாய் என்றால் அது பதினெட்டு சதவீதம். அதே விதி ஆறாயிரம் ரூபாய் பட்டுப் புடவைக்கும் பொருந்துகிறது. புடவையை அனுப்ப நூறு ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புச் செலவின்மீதான கமிஷன் 12 ரூபாய். புடவை விலையில் அது ஒரு சதவீதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சட்டிக்கோ ஆறு சதவீதம். எல்லோருக்கும் ஒரே விதி என்று சொல்லப்படுவது, விலை குறைந்த, எடை மிகுந்த பொருளைச் செய்பவர்மீதே பாரமாக இறங்குகிறது. அம்மியும் உரலும் கொத்துகிறவர், செக்கு எண்ணெயைத் தகரத்தில் அடைத்து விற்பவர், நாட்டுச் சர்க்கரை விற்பவர் எல்லோரும் இதில் அடக்கம்.

எடை குறைந்தாலும் தப்ப முடியாது. பாம்பூ பஜாரில் கூடை முடைபவரைக் கேளுங்கள். கூரியர் தொழிலில் கன அளவு எடை என்று ஒரு கணக்கு உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். உண்மையான எடை, இந்தக் கணக்கு எடை, இவ்விரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். நாற்பதுக்கு நாற்பது, உயரம் முப்பது என்று ஒரு கூடை. தராசில் ஒரு கிலோகூட இராது. கணக்கில் அது 9.6 கிலோ. விமானத்திலும் வண்டியிலும் இடம் அடைக்கிறதே என்பார்கள், அது நியாயம்தான். ஆனால் அந்த வீங்கிய கட்டணத்தின்மீது கமிஷனும் சேரும்போது, கூடைக்குள் இருக்கும் காற்றுக்கும் தரகு கொடுக்க வேண்டியதாகிறது.

இது நம் ஊரில் பிறந்த வழக்கம் அன்று. அமெரிக்காவின் ஈபே நிறுவனம் தொடக்கத்தில் பொருளின் விற்பனை விலைமீது மட்டுமே கட்டணம் வாங்கியது. 2011 ஜூலையில் அனுப்புச் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்தது. அவர்கள் சொன்ன காரணத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சில விற்பனையாளர்கள் பொருளுக்கு ஒரு டாலர் விலை வைத்து, அனுப்புச் செலவுக்குப் பத்து டாலர் வாங்கினார்கள். ஒரு டாலருக்கு மட்டும் கட்டணம் கட்டித் தப்பினார்கள். உண்மை, அப்படி நடந்தது. கைவினைப் பொருட்களுக்கான எட்சி என்னும் சந்தையும் 2018 ஜூலையில் தன் கட்டணத்தை 3.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியபோது, அனுப்புச் செலவையும் அதற்குள் இழுத்துக்கொண்டது. 2022 ஏப்ரலில் அது 6.5 சதவீதமாயிற்று. அப்போது ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். வீட்டிலிருந்து பின்னியும் தைத்தும் விற்பவர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள், இதைச் செய்து காட்டினார்கள். தொழிற்சங்கத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏமாற்றுக்காரர்களைத் தடுக்கவே இந்த விதி என்ற வாதம் இங்கே செல்லுமா? ஈபேயில் அன்று அனுப்புச் செலவைத் தீர்மானித்தவர் விற்பனையாளர். ஆகவே அவர் அதை ஊதிப் பெருக்க முடிந்தது. நம் நாட்டின் பெரிய இணையச் சந்தைகளில் பெரும்பாலும் அந்தச் செலவைத் தீர்மானிப்பது நிறுவனமே. எடை இவ்வளவு, தூரம் இவ்வளவு, கட்டணம் இவ்வளவு என்று அட்டவணை போடுவது அது. சரக்கை எடுத்துச் செல்வதும் அதன் கிளையே. பிளிப்கார்ட்டுக்கு ஈகார்ட், அமேசானுக்குத் தன் சொந்தப் போக்குவரத்து நிறுவனம், மீஷோவுக்கு வால்மோ. தானே விதித்து, தானே வசூலித்து, தானே எடுத்துக்கொள்ளும் ஒரு தொகையை விற்பனையாளர் எப்படி ஊதிப் பெருக்குவார்? காரணம் செத்துவிட்டது, கட்டணம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

மேலும், ‘இலவச டெலிவரி’ என்ற சொல் இந்த விஷயத்தையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது. வண்டியோட்டிக்கும் பெட்ரோலுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்தே ஆக வேண்டும். 600 ரூபாய் சட்டிக்கு 900 ரூபாய் என்று விலை போட்டு, பக்கத்தில் ‘டெலிவரி இலவசம்’ என்று பச்சை எழுத்தில் எழுதினால், கமிஷன் தன்னாலேயே 900 ரூபாயின்மீது விழும். அப்போது யாரும் கேள்வி கேட்கவும் முடியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், வாங்குபவருக்கு விலையையும் அனுப்புச் செலவையும் வரியையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்கின்றன. நல்ல விதி. ஆனால் அந்த மொத்தத்திலிருந்து நிறுவனம் தனக்கென எவ்வளவு எடுத்துக்கொண்டது என்பதை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று அவ்விதிகள் கேட்கவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். மொழிபெயர்ப்பாளனின் பழக்கதோஷம் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஃபீ’ என்ற ஒரே சொல்தான். தமிழில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. துறையில் வாங்கினால் உல்கு, சுங்கம். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைத்ததற்குத் தரகு. ஊர்ப் பொதுவுக்கு வணிகர் ஒதுக்கினால் மகமை. பாரம் தூக்கியவருக்குக் கூலி. புத்தகக் கடைக்காரருக்குப் பதிப்பாளர் விட்டுக்கொடுப்பது கழிவு. யார், எதற்காக, எதன்மீது வாங்குகிறார் என்பது பெயரிலேயே தெரியும். நம் புத்தகக் கடைக்கு சென்னையிலிருந்து கட்டு வரும்போது, கழிவு புத்தக விலையின்மீது. பார்சல் லாரிக்காரருக்குக் கொடுப்பது தனி. லாரி வாடகையின்மீது கழிவு கேட்ட கடைக்காரரை நான் கண்டதில்லை. எல்லாவற்றையும் ‘கட்டணம்’ என்று ஒரே வண்ணம் பூசிவிட்டால் கூலிக்கும் தரகுக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது.

இந்த வேறுபாடு வெறும் அகராதி விவகாரம் அன்று. மூலதனம் இரண்டாம் தொகுதியில், சுற்றோட்டச் செலவுகள் பற்றிய அதிகாரத்தில், மார்க்ஸ் இதைத்தான் பிரித்துப் பார்க்கிறார். வாங்குவதும் விற்பதும் கணக்கெழுதுவதும் பொருளுக்கு மதிப்பைச் சேர்ப்பதில்லை. பொருளை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வது சேர்க்கிறது. போக்குவரத்து என்பது உற்பத்தியின் தொடர்ச்சி. அதில் ஈடுபடுபவர் உற்பத்தித் தொழிலாளர். பாட்டரி டவுனில் சுட்ட சட்டி மைசூரிலோ சேலத்திலோ ஓர் அடுக்களையில் ஏறும்போதுதான் சட்டியாகிறது. அந்தப் பயணத்தின் மதிப்பை உருவாக்கியவர் சட்டியைச் சுமந்தவர். அவருடைய உழைப்பின்மீது தரகு எடுக்கிற உரிமை, இருவரையும் இணைத்ததாகச் சொல்லும் திரைக்கு எங்கிருந்து வந்தது?

“இப்போது கமிஷனே இல்லையாமே?” என்று யாரேனும் கேட்கக்கூடும். ஆம், செய்தித்தாள்களில் வந்தது. மீஷோ 2021-இலேயே விற்பனையாளரிடம் கமிஷன் இல்லை என்று அறிவித்தது. அமேசான் 2025 ஏப்ரலில், 300 ரூபாய்க்குக் குறைவான ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களுக்குப் பரிந்துரைக் கட்டணத்தை நீக்கியது. அதே ஆண்டு நவம்பரில் பிளிப்கார்ட் 1000 ரூபாய்க்குக் குறைவான பொருட்களுக்கு கமிஷன் இல்லை என்றது. மூன்றுக்கும் இந்தியத் தலைமையிடம் நம் பெங்களூருதான். போட்டியின் நெருக்கடியில் விற்பனையாளருக்கு ஏதோ ஆறுதல் கிடைத்திருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும் முதலீடு போட்டவர்கள் தர்மத்துக்குக் கடை நடத்துவதில்லை. மீஷோ பங்குச் சந்தைக்கு வரும்போது வெளியிட்ட ஆவணத்தைப் பார்த்தால், விற்பனையாளர்களுக்குச் செய்யும் சரக்கு அனுப்பும் சேவையும் விளம்பரமுமே அதன் வருவாயின் ஆதாரம் என்று தெரிகிறது. தரகு வாசலில் இறங்கி வண்டியில் ஏறிக்கொண்டது. முன்பு அனுப்புச் செலவின்மீது கமிஷன் விதித்தார்கள்; இப்போது அனுப்புச் செலவுக்குள்ளேயே இலாபத்தை வைக்கிறார்கள். முன்னதையாவது அறிக்கையில் ஒரு வரியாகப் பார்க்க முடிந்தது.

வேறு நாடுகளில் இது நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2021 டிசம்பரில் அமேசானுக்கு 112 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. அமேசானின் கிடங்கையும் போக்குவரத்தையும் பயன்படுத்துபவருக்கே நல்ல இடமும் சலுகையும் என்று விற்பனையாளரைக் கட்டிப்போட்டது என்பதே குற்றச்சாட்டு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 17 மாநிலங்களோடு சேர்ந்து 2023 செப்டம்பரில் தொடுத்த வழக்கிலும் இதே புகார் உண்டு. கட்டணம், விளம்பரம், கிடங்குச் செலவு என்று எல்லாமாகச் சேர்ந்து விற்பனையாளரின் வருவாயில் கிட்டத்தட்ட பாதியை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது என்று ஆணையம் குற்றஞ்சாட்டியிருக்கிறது.

இங்கே என்ன நடந்தது? டெல்லி வியாபார் மகாசங்கத்தின் புகாரின்பேரில் இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், பிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. இரு நிறுவனங்களும் நம் கர்நாடக உயர்நீதிமன்றத்தை நாடின. அடுத்த மாதமே தடை கிடைத்தது. 2021 ஜூனில் தனி நீதிபதியும் ஜூலையில் இரு நீதிபதிகள் அமர்வும் நிறுவனங்களின் மனுக்களைத் தள்ளுபடி செய்தனர். உச்சநீதிமன்றமும் ஆகஸ்டில் தலையிட மறுத்தது. விசாரணைப் பிரிவு சிலகாலம் கழித்து, 2024-இல்தான் தன் அறிக்கையை முடித்தது. தேர்ந்தெடுத்த சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்பட்டது என்பது அதன் முடிவு. அதை எதிர்த்து நாட்டின் பல உயர்நீதிமன்றங்களில் மனுக்கள் குவிந்தன; உச்சநீதிமன்றம் 2025 ஜனவரியில் அவற்றைக் கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கே அனுப்பியது. ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பாட்டரி டவுனிலிருந்து அந்த நீதிமன்றக் கட்டடம் கூப்பிடு தூரம்தான். மத்திய அரசோ, 2019-இல் வெளியிட்ட மின்வணிகக் கொள்கை வரைவை வரைவாகவே வைத்திருக்கிறது.

இனி, எனக்கு இந்தச் சட்டிக் கணக்கைவிட முக்கியமாகப்படும் செய்திக்கு வருகிறேன். எதன்மீது சதவீதம் என்ற கேள்வியை நிறுவனம் எடுக்கும் இடத்தில் மட்டும் கேட்டால் போதாது. கொடுக்கும் இடத்திலும் கேட்க வேண்டும்.

கர்நாடகத்தில் 2025-ஆம் ஆண்டு மேடைசார் கிக் தொழிலாளர் நலச் சட்டம் வந்தது. தொழிலாளர் இயக்கம் போராடிப் பெற்றது. வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். நல நிதிக்காக நிறுவனம் செலுத்த வேண்டியது ஒன்று முதல் ஐந்து சதவீதம். எதன்மீது? தொழிலாளிக்குக் கொடுக்கப்படும் தொகையின்மீது. 2023-இல் வந்த ராஜஸ்தான் சட்டம் ஒவ்வொரு பரிவர்த்தனையின் மதிப்பையும் அடிப்படையாகக் கொண்டது. இங்கே அடிப்படை சுருங்கிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள மத்திய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பைப் பாருங்கள். ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் என்று தாராளமாகத் தொடங்குகிறது. உடனே, தொழிலாளிகளுக்குக் கொடுக்கும் தொகையில் ஐந்து சதவீதத்தை அது தாண்டக்கூடாது என்று கடிவாளம் போடுகிறது.

ஆக, குயத்தியிடம் எடுக்கும்போது வண்டிக்கூலி உட்பட ‘மொத்தம்’. வண்டியோட்டிக்குக் கொடுக்கும்போது அவர் கையில் வைக்கும் சில்லறை மட்டும். ஒரே பார்சல், ஒரே 300 ரூபாய், இரண்டு அளவுகோல்கள். அந்த 300 ரூபாயில், மூன்றாம் மாடிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கதவைத் தட்டியவருக்கு எவ்வளவு சேர்ந்தது? சகோதரியின் அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை. அந்தத் தொழிலாளியின் செயலியில், சட்டிக்கு எவ்வளவு அனுப்புச் செலவு வசூலானது என்பதற்கும் கட்டம் இல்லை. இருவரும் ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்காதபடி நடுவில் ஒரு திரை தொங்குகிறது.

இதனால் என்ன விளைகிறது என்பதை நம் தோழர்கள் அறிவார்கள். சட்டி உடைந்து திரும்பி வந்தால் சகோதரி டெலிவரிப் பையனைத் திட்டுகிறார். “தூக்கி எறிகிறான் அண்ணா, மனசாட்சியே இல்லை” என்று என்னிடமே சொன்னார். டெலிவரித் தோழர்களைக் கேட்டாலோ, சரியாகக் கட்டத் தெரியாமல் அனுப்பிவிட்டு எங்கள் கூலியைப் பிடிக்கவைக்கிறார்கள் என்கிறார்கள். நம் கிளைக் கூட்டத்திலும் இந்த வாதம் எழுந்தது. குயவர் சிறு உடைமையாளர், அவருடைய இலாபக் கணக்கைப் பார்ப்பது நம் வேலையா என்று ஒரு தோழர் கேட்டார். கேள்வியில் தவறில்லை. ஆனால் சக்கரமும் களிமண்ணும் தன்னுடையவை என்பதால் மட்டும் ஒருவர் முதலாளியாகிவிடுவதில்லை. தன் உழைப்புக்கு 108 ரூபாய் கண்டவரும், பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குபவரும் ஒரே பணப்பையிலிருந்து பறிகொடுப்பவர்கள். அவருடைய அறிக்கையையும் இவருடைய செயலிக் கணக்கையும் ஒரே மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நடுவில் போனது எவ்வளவு என்று தெரியும். நிறுவனம் தானாகச் சொல்லாது.

அரசு தலையிட முடியாது என்று சொல்லாதீர்கள். இதே பெங்களூருவில், செயலி வழி ஆட்டோக்களுக்கு நிறுவனம் எடுக்கும் தொகை ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2022 நவம்பரில் மாநில அரசு உத்தரவிட்டது. அதே மாதங்களில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு வந்த நம்ம யாத்ரி செயலி, சவாரிப் பணத்தில் சதவீதம் என்பதையே விட்டுவிட்டு, பிறகு நாளொன்றுக்கு 25 ரூபாய் என்ற நிலையான கட்டணத்தை வைத்தது. அதில் குறைகள் இல்லாமல் இல்லை. அதை நடத்துவதும் ஒரு தனியார் நிறுவனம்தான். ஆனால் ஒரு செய்தி உறுதியானது: பயணத்தின் நீளத்துக்கும் செயலியின் வேலைக்கும் தொடர்பில்லை. நூறு ரூபாய்ச் சவாரிக்கும் முந்நூறு ரூபாய்ச் சவாரிக்கும் அது செய்யும் வேலை ஒன்றே. சட்டிக்கும் அதுவே பொருந்தும்.

அஞ்சல் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாடெங்கும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்கள் மக்கள் பணத்தில் நிற்கின்றன. 2024 டிசம்பரில் புத்தகங்களுக்கான பழைய சலுகை அஞ்சலை நிறுத்தினார்கள். பதிப்பாளர்களும் வாசகர்களும் எதிர்த்தார்கள். 2025 மே முதல் நாள் ‘ஞான் போஸ்ட்’ என்று கல்வி நூல்களுக்கு ஒன்றைத் தந்தார்கள்: 300 கிராமுக்கு 20 ரூபாய், ஐந்து கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்துக்கு ஐந்து கிலோ நூறு ரூபாய்க்குப் போக முடியுமானால், கைத்தொழில் பொருட்களுக்கும் அப்படியொரு கட்டணம் ஏன் கூடாது? உடையும் பொருளாயிற்றே என்பார்கள். தனியார் வண்டியில் மட்டும் உடையாமலா போகிறது?

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இதிலிருந்து வருகின்றன. நிறுவனமே சரக்கைச் சுமக்கும் இடத்தில் கமிஷன் பொருளின் விலைமீது மட்டும் இருக்க வேண்டும். விற்பனையாளர் விரும்பினால் அஞ்சல் வழியாக அனுப்பலாம். அதற்காக அவருடைய பொருளைத் தேடலில் பின்னுக்குத் தள்ளக்கூடாது. தொழிலாளர் நல நிதிக்கான சதவீதம், வாங்குபவரிடம் அனுப்புச் செலவாக வசூலிக்கப்படும் முழுத் தொகையின்மீது கணக்கிடப்பட வேண்டும். எடுப்பதற்கு அந்த 300 ரூபாய் அடிப்படையாக இருக்கலாம் என்றால் கொடுப்பதற்கும் இருக்கட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கையை விற்பனையாளர்களும் சேர்ந்து எழுப்ப வேண்டும் என்று சகோதரியிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்தார். “அவர்களுக்குக் கூட்டிக் கொடுத்தால் என் தலையில் அல்லவா கட்டுவார்கள்?” என்று கேட்டார். நியாயமான அச்சம். அதனால்தான் முதல் கோரிக்கையும் மூன்றாவதும் பிரிக்க முடியாதவை. ஒன்றை மட்டும் கேட்டால் மற்றவரின் பையிலிருந்து எடுத்துத்தான் தருவார்கள்.

மனுவின் வரைவைத் தமிழில் எழுதிவிட்டேன். கன்னடத்தில் நம் தோழர்கள் இருவர் எழுதி வருகிறார்கள். ‘மொத்தம்’ என்று வருமிடமெல்லாம் ‘பொருளின் விலையும் அனுப்புச் செலவும் சேர்ந்த தொகை’ என்று விரித்தே எழுதியிருக்கிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் வெட்ட வேண்டாம். ஆனால் ஒரு சகோதரியின் கணக்கு மட்டும் சான்றாகப் போதாது. அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் கிளைகளில் வீட்டிலிருந்து விற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் கடைசி இரண்டு மாத அறிக்கையை வாங்குங்கள். வாங்கியவர் பெயரையும் முகவரியையும் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். டெலிவரித் தொழிலாளர் சங்கத் தோழர்கள் தங்கள் வாரக் கணக்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இரண்டையும் இதே மேசையில் வைத்துப் பார்க்கிறோம். சகோதரியும் வருகிறார், வருகிறவர்களுக்கு டீ போட மண் குவளைகளைத் தானே கொண்டுவருவதாகச் சொன்னார். அதற்கு அனுப்புச் செலவு இல்லை.